அந்த ஒரு மணி நேரத்தைப் பாடத்திட்டத்தில் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய குடும்பவியல் துறைத் தலைவர்களுக்கும், களப்பணி ஒருங்கிணைப்பாளர்களுக்கும், பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

குடும்ப ஆலோசனை மையம் ஒன்றில் 19 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் உங்கள் மாணவர்கள் மூன்று பேரோ நான்கு பேரோ கையில் ஒரு கடிதத்தோடு எங்கள் வாசலில் வந்து நிற்பார்கள். ‘இக்கடிதம் கொண்டுவரும் மாணவருக்குத் தங்கள் நிறுவனத்தில் களப்பயிற்சி அளித்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறோம்’ என்று அதில் இருக்கும். பருவம் முடியும்போது இன்னொரு தாள் வரும். மொத்தம் எத்தனை மணி நேரம், வருகை திருப்தியா, நடத்தை திருப்தியா, கையெழுத்து, முத்திரை. இந்த இரண்டு தாளுக்கும் நடுவில் ஒரு பிள்ளை முன்பின் தெரியாத வீடுகளுக்குள் போய், அங்கே இருக்கிறவர்களின் சண்டையையும் அழுகையையும் கேட்டுவிட்டு, அதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் திரும்பி வந்திருக்கும். அந்த நடுப்பகுதியைப் பற்றி நீங்களும் நாங்களும் உட்கார்ந்து பேசியதே இல்லை. அதைப் பேசத்தான் இந்த மடல்.

நான் கேட்பது ஒன்றுதான். வாரத்துக்கு ஒரு மணி நேரம் மாணவரும் மேற்பார்வையாளரும் எதிரெதிரே உட்கார்ந்து, அந்த வாரம் அந்த வீட்டில் நடந்ததைப் பேச வேண்டும். அதைப் பாடத்திட்டத்தில் எழுதுங்கள். ஆசிரியரின் பணிநேரத்தில் அதைக் கணக்கிடுங்கள். எங்களைப் போன்ற நிறுவனங்களிடமும் கணக்கிடச் சொல்லிக் கேளுங்கள். இப்போது யாராவது மனது வைத்தால் அது நடக்கிறது, இல்லாவிட்டால் இல்லை.

போன பருவத்தில் ஒரு மாணவி வந்தாள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். இன்று வீட்டுக்குப் போனால் நாளைக்கே அறிக்கை என் மேசையில் இருக்கும். கணவர் வீட்டைவிட்டுப் போய் எட்டு மாதமான ஒரு தாயை மூன்றாவது முறையாகப் பார்த்துவிட்டு வந்து, ‘தாய் ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதியிருந்தாள்.

“ஒத்துழைக்கலைன்னா என்னம்மா? அவங்க என்ன பண்ணிட்டு இருந்தாங்க?”

“பேசவே இல்ல மேடம். துணி மடிச்சுட்டே இருந்தாங்க.”

“என்ன துணி?”

யோசித்தாள். “பிள்ளைங்க துணி. நடுவுல ஒரு பெரிய சட்டை இருந்துச்சு மேடம். அதை மடிச்சு வெச்சாங்க, மறுபடி பிரிச்சாங்க, மறுபடி மடிச்சாங்க.”

“நீ அப்ப என்ன கேட்டுட்டு இருந்த?”

பதில் வரக் கொஞ்ச நேரமானது. “அவங்க வீட்டுக்காரர் கடைசியா எப்ப பணம் குடுத்தார்னு.”

எட்டு மாதமாக வீட்டில் இல்லாத ஒருவரின் சட்டை துவைத்து, காய்ந்து, மடிப்புக்கு வந்திருக்கிறது. அவள் அதைப் பார்த்திருக்கிறாள். எத்தனை முறை மடித்தார் என்பதுகூட நினைவிருக்கிறது. ஆனால் அறிக்கையில் எழுத வேண்டிய விஷயம் அதுதான் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அடுத்த வாரம் அவள் கேள்வித்தாளை எடுத்துப் போகவில்லை. அந்தத் தாய் அன்றும் அதிகம் பேசவில்லை. பெரிய பையன் ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறான், விடியும்வரை படுக்க மாட்டேன் என்கிறான் என்று மட்டும் சொன்னார். மூன்று வாரமாக எங்கள் மையத்தில் எவருக்கும் தெரியாத செய்தி அது.

நாங்கள் பேசியது இருபது நிமிடம் இருக்கும். நான் அன்று அவசரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தால் கோப்பில் ‘ஒத்துழைக்கவில்லை’ என்ற சொல் நின்றிருக்கும். அடுத்து அந்தக் கோப்பைத் திறக்கிறவர் அந்தச் சொல்லை மனதில் வைத்துக்கொண்டுதான் அந்த வீட்டுப் படியேறுவார்.

இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. நான் மாணவியாக இருந்தபோது எனக்கே நடந்தது. பருவக் கடைசியில் என் மேற்பார்வையாளர் பதினொரு அறிக்கைகளையும் ஒன்றாக வாங்கி, பக்கத்தைப் புரட்டிப் புரட்டிக் கையெழுத்திட்டார். நான்காவது அறிக்கையில் ஒரு தகப்பனைப் பற்றி ‘குடும்பப் பொறுப்பற்றவர், எப்போது சென்றாலும் உறங்குகிறார்’ என்று எழுதியிருந்தேன். அவர் இரவு வேலைக்குப் போகிறவர். எனக்குக் கல்லூரியில் பிற்பகல் வகுப்பு என்பதால் நான் எப்போதும் காலை பத்து மணிக்கே போனேன். ‘எத்தனை மணிக்குப் போனாய்?’ என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும், அந்த வரி அங்கேயே அடிபட்டிருக்கும். கேட்கவில்லை. எனக்குப் பின்னால் அந்தக் குடும்பத்தைப் பார்த்தவர் அதைப் படித்துவிட்டு அந்த மனிதரிடம் அந்தத் தோரணையிலேயே பேசியிருக்கிறார். அவர் மையத்துக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார். நான் எழுதிய வரி, நான் முதல் பொறுப்பு. ஆனால் இருபது வயதுப் பெண் எழுதியதைப் படித்துப் பார்க்க ஒருவரை நியமித்திருந்தார்கள் அல்லவா?

களப்பணியில் எழுதும் அறிக்கையை உரையாடல் பதிவாக எழுதச் சொல்வது பழைய முறை. அவர்கள் சொன்னது, நான் சொன்னது, அப்போது எனக்குள் தோன்றியது, இப்போது நினைத்தால் என்ன தோன்றுகிறது என்று நான்கு பத்தியாகப் பிரித்து எழுதுவார்கள். கையால் எழுதினால் ஒரு மணி நேரச் சந்திப்புக்கு மூன்று மணி நேரம் பிடிக்கும். மாணவர்கள் அலுத்துக்கொள்வார்கள், நியாயம்தான். ஆனால் அதைப் படிக்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் எழுதுவார்கள். படிக்க ஆள் இல்லை என்று தெரிந்த பருவத்தில்தான் ஒருவர் எழுதியதை மூன்று பேர் பெயர் மாற்றிக் கொடுக்கிறார்கள். இதில் நான் மாணவர்கள்மேல் குற்றம் சொல்ல மாட்டேன்.

மற்ற துறைகளைவிட உங்கள் துறைக்கு இது ஏன் கூடுதலாக வேண்டும் என்று சொல்கிறேன். வேதியியல் படிக்கிற பிள்ளை ஆய்வகத்துக்குள் நுழையும்போது அமிலத்தைப் பற்றிய சொந்தக் கோபதாபம் எதையும் சுமந்து போவதில்லை. குடும்பத்தைப் படிக்க வருகிற பிள்ளை ஒரு குடும்பத்துக்குள் பிறந்து, வளர்ந்து, அடிபட்டு, கொஞ்சப்பட்டு வருகிறது. எது நல்ல அம்மா, எது கெட்ட அப்பா, அண்ணன் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதெல்லாம் பாடம் தொடங்கும் முன்பே முடிவாகிவிட்டிருக்கும். இன்னொருவர் வீட்டில் போய் உட்காரும்போது அதுதான் முதலில் பேசும்.

ஒரு மாணவன், நல்ல பையன், படிப்பை நிறுத்திய பதினாறு வயதுப் பையன் ஒருவனின் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். ஒவ்வொரு வாரமும் அவன் அறிக்கையில் தகப்பன் கொடியவராகிக்கொண்டே போனார். நான் தகப்பன் பக்கத்தையும் கேட்டு எழுதச் சொன்னேன். கேட்காமல் வந்தான். மறுபடி சொன்னேன். மறுபடியும் கேட்காமல் வந்தான். மூன்றாவது வாரம் எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது: “முதல்ல நான் சொன்னதைச் செய், அப்புறம் பேசு.” சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அந்தத் தகப்பன் மகனிடம் சொல்வதாக இவன் எழுதியிருந்த வாக்கியம் அச்சு அசல் அதுவேதான். இவன் அந்தப் பையன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறான், என்னை அந்தத் தகப்பன் இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டான், நானும் போய் நின்றுவிட்டேன். ஹெரால்ட் சியர்ல்ஸ் என்ற மனநல மருத்துவர் 1955இல் இதைத்தான் எழுதினார்: நோயாளிக்கும் சிகிச்சை தருபவருக்கும் இடையே நடப்பது, சிகிச்சை தருபவருக்கும் அவருடைய மேற்பார்வையாளருக்கும் இடையே மறுபடி நடந்துவிடும் என்று. இது அறிக்கையில் எந்தப் பக்கத்திலும் இருக்காது. இரண்டு பேர் ஒரே அறையில் உட்கார்ந்தால்தான் தெரியவரும்.

அன்று அவன் தன் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொன்னான். அதை இங்கே எழுத மாட்டேன், அது அவனுடையது. நானும் தோண்டவில்லை. மேற்பார்வை என்ற பெயரில் மாணவருக்குச் சிகிச்சை செய்ய உட்காரக் கூடாது. அந்த வீட்டில் தான் யாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவனுக்குத் தெரிய வேண்டும், அந்த அளவுதான் என் வேலை. அதற்கு மேல் தேவைப்பட்டால் வேறு ஆளிடம், ரகசியம் காப்பவரிடம், மதிப்பெண்ணோடு சம்பந்தமே இல்லாதவரிடம் அனுப்ப வேண்டும். அப்படி ஒருவர் உங்கள் கல்லூரியில் இருக்கிறாரா? மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடத்தை வகுப்பில் சொல்லித் தருகிறீர்கள். களத்துக்கு அனுப்பும் முன் ஒவ்வொருவரையும் தன் குடும்பத்தின் வரைபடத்தை வரையச் சொல்லுங்கள். வாங்கிப் பார்க்க வேண்டாம், மதிப்பெண் போட வேண்டாம். வரைந்தவரிடமே இருக்கட்டும்.

வரைபடம் என்றதும் இன்னொன்று. சமூகப்பணிப் பேராசிரியர் ஆன் ஹார்ட்மன் 1975இல் உருவாக்கிய சூழல் வரைபடத்தை உங்கள் மாணவர்கள் அழகாக வரைகிறார்கள். நடுவில் குடும்பம், சுற்றிலும் பள்ளி, வேலை, மருத்துவமனை, உறவினர், அண்டை வீடு என்று வட்டங்கள். பலமான உறவுக்குத் தடித்த கோடு, மெலிந்ததற்குப் புள்ளிக் கோடு, இழுபறி இருந்தால் கோட்டின்மேல் குறுக்கே சிறு வெட்டுகள். ஸ்கெட்ச் பேனாவில் நாலு வண்ணத்தில் வரைந்து ரெக்கார்டில் ஒட்டுகிறார்கள். எல்லாம் விடுதி அறையில் வரைந்தது. பென்சிலை அந்தக் குடும்பத்தின் கையில் கொடுக்க வேண்டும் என்று நான் சொன்னபோது ஒரு மாணவி திகைத்துப்போனாள். கொடுத்துப் பார்த்தாள். ஒரு பாட்டி, தன் மகள் வீட்டுக்கும் தனக்கும் நடுவே கோடு போடப் போய், பென்சிலை வைத்துவிட்டு, ‘இதை அப்புறம் போட்டுக்கலாம்’ என்றாராம். கோடு இல்லாத அந்த இடைவெளியோடுதான் அந்தத் தாள் என்னிடம் வந்தது.

‘களத்தில் இறக்கிவிட்டால் தானாகக் கற்றுக்கொள்வார்கள்’ என்று உங்களில் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த நம்பிக்கை ஒரு காலத்தில் உலகம் முழுக்க இருந்தது. குடும்பங்களுக்கு உதவி செய்யப் போனவர்கள் வேலையிலேயே தட்டுத்தடுமாறிக் கற்றார்கள்; வகுப்பறை என்று ஒன்று இல்லை. அது போதாது, பயிற்சிப் பள்ளி வேண்டும் என்று அமெரிக்கச் சமூகப்பணி முன்னோடி மேரி ரிச்மண்ட் 1897இல் டொரான்டோவில் கூடிய மாநாட்டில் எழுந்து கேட்டார். மறு ஆண்டே, 1898 கோடையில், நியூயார்க்கில் ஆறு வார வகுப்பு தொடங்கியது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சமூகப்பணிப் பள்ளியாகப் பின்னாளில் வளர்ந்தது அதுதான். அன்று களம் இருந்தது, வகுப்பு இல்லை. இன்று வகுப்பு இருக்கிறது, களமும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துவைத்துப் பேசுகிற ஆள் இல்லை.

அப்படி ஆள் இல்லாதபோது என்ன ஆகிறது என்பதைப் புரிந்துகொள்ள, சமூகப்பணி கற்பித்த பெர்த்தா ரெனால்ட்ஸ் சொன்ன படிகள் எனக்கு இன்றும் உதவுகின்றன. இந்த வேலையைக் கற்பவர் ஐந்து படி ஏறுகிறார் என்று அவர் 1942இல் எழுதினார். முதலில் தன்னைப் பற்றிய கூச்சம் மட்டும்தான்: கையை எங்கே வைப்பது, என்ன பேசுவது என்ற தவிப்பு. அடுத்தது நீந்து அல்லது மூழ்கு என்ற நிலை, எப்படியோ சமாளித்துவிடுவார்கள். மூன்றாவதில், என்ன செய்ய வேண்டும் என்பது புரியும், ஆனால் செய்ய வராது. நான்காவதில் கை பழகும். ஐந்தாவதில் பிறருக்குக் கற்றுத்தர முடியும். இந்த மூன்றாவது படியைக் கொஞ்சம் கவனியுங்கள். இரண்டாவது படியில் இருக்கிற மாணவர் தெம்பாகத் தெரிவார். எல்லாம் நன்றாகப் போகிறது என்பார். மூன்றாவதுக்கு வந்ததும் முகம் வாடும், ‘நான் சொதப்பிட்டேன் மேடம்’ என்பார், அறிக்கை தாமதமாகும். வளர்ந்திருக்கிறார் என்பதற்கு அதுதான் அடையாளம். வாரா வாரம் உட்கார்ந்து பேசாத மேற்பார்வையாளருக்கு அது சரிவாகத் தெரியும், மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார். உங்கள் ஒற்றைப் பருவக் களப்பணி முடிகிற நேரத்தில் பெரும்பாலான பிள்ளைகள் சரியாக இந்த இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் நிற்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மணிக்கணக்குக்கு வருவோம். அமெரிக்காவில் சமூகப்பணிக் கல்வி மன்றம் இளநிலைக்குக் குறைந்தது 400 மணி நேரம், முதுநிலைக்கு 900 மணி நேரம் களப்பணி என்று வைத்திருக்கிறது. 2008இல் களப்பணிதான் இந்தக் கல்வியின் அடையாளமே என்றும் அறிவித்தது. குடும்பவியலும் தனித் தொழிலாக நிற்கத் தொடங்கி நாளாயிற்று. அங்கே 1938இல் தோன்றிய தேசியக் குடும்ப உறவுகள் மன்றம் 1985 முதல் குடும்ப வாழ்க்கைக் கல்வியாளர்களுக்குச் சான்றிதழ் வழங்கிவருகிறது. நீங்களும் பாடத்திட்டத்தில் மணிக்கணக்கை எழுதியிருக்கிறீர்கள். அந்த மணிகளில் என்ன செய்ய வேண்டும் என்று எழுதினீர்களா? பழைய கோப்புகளை வரிசைப்படுத்துவது, நகல் எடுப்பது, விழிப்புணர்வு நாளுக்கு மேடை அலங்காரம் செய்வது, வருகிறவர்களுக்கு நாற்காலி போடுவது, எல்லாமே மணிதான். வருகைப் பதிவேட்டில் வித்தியாசம் தெரியாது.

இந்தக் குற்றத்தில் எங்கள் பங்கு பெரிது, அதை மறைக்க மாட்டேன். எங்களுக்கு ஆள் பற்றாது. மாணவர் வந்தால் கூடுதலாக இரண்டு கைகள் வந்ததாக நினைக்கிறோம். நானே ஒரு பருவம் முழுக்க மூன்று பேரை முகவரிப் பட்டியல் தட்டச்சு செய்யவைத்துவிட்டு ‘திருப்தி’ என்று கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறேன். அதில் ஒருத்தி கடைசி நாளில், “மேடம், ஒரு தடவையாவது உங்களோட ஒரு வீட்டுக்கு வரலாமா?” என்று கேட்டாள். அன்று எனக்கு நேரமில்லை.

சமூகப்பணிப் பேராசிரியர் ஆல்ஃபிரட் கடுஷின் 1976இல் மேற்பார்வைக்கு மூன்று வேலை என்றார்: நிர்வாகம், கற்பித்தல், தாங்கிப் பிடித்தல். உங்கள் படிவத்தை எடுத்துப் பாருங்கள். வருகை, நேரந்தவறாமை, உடை, நடத்தை, கொடுத்த வேலையை முடித்தாரா. மூன்றில் முதல் வேலை மட்டும்தான் அதில் இருக்கிறது. அந்த மாணவர் ஒரு குழந்தை அடிவாங்குவதை நேரில் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாரா என்று கேட்க அங்கே கட்டம் இல்லை.

கூட போய்ப் பார்ப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடும்பச் சிகிச்சை முன்னோடி சால்வடோர் மினுசின் தலைமையில் இயங்கிய ஃபிலடெல்ஃபியா குழந்தை வழிகாட்டி மையத்தில், பயிற்சி பெறுகிறவர் குடும்பத்தோடு பேசும்போது மேற்பார்வையாளர் ஒருபக்கக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார். தேவைப்பட்டால் அறைக்குள் இருக்கும் தொலைபேசியில் அழைத்துச் சொல்வார். அங்கே பணியாற்றிய பிராலியோ மொன்டால்வோ அந்த நேரடி மேற்பார்வை முறையைப் பற்றி 1973இல் எழுதியிருக்கிறார். எங்களுக்குக் கண்ணாடி வேண்டாம். பருவத்தில் இரண்டு முறை, முதல் மாதத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, உங்கள் ஆசிரியரோ நானோ மாணவரோடு அந்த வீட்டுக்குப் போய் ஓரமாக உட்கார்ந்தால் போதும். ஒரு மாணவி எவ்வளவு வேகமாகப் பேசுகிறாள், மற்றவர் வாய் திறக்கும் முன் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறாள் என்பது அப்படிப் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது. அவளுடைய அறிக்கைகளில் அவர்கள் சொன்னது எப்போதும் சின்னதாகவே இருந்ததற்குக் காரணம் அதுதான். பாதுகாப்புக்கும் இது வேண்டும். சண்டை நடக்கிற வீட்டுக்கு முதல் முறை யாரையும் தனியாக அனுப்பக் கூடாது. எங்கே போயிருக்கிறார், எத்தனை மணிக்குத் திரும்புவார் என்பது ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். இதைக்கூட எழுதிவைக்காத கல்லூரிகள் இருக்கின்றன.

இனி அந்தக் குடும்பங்கள். களப்பணி என்று வந்தாலே மாணவரின் கற்றலைப் பற்றித்தான் பேசுகிறோம். கதவைத் திறந்து உள்ளே விட்டவர்களைப் பற்றி யார் பேசுவது? வருகிறவர் மாணவர், கற்றுக்கொள்ள வருகிறார், இத்தனை வாரம்தான் வருவார், வேண்டாம் என்றால் உங்களுக்குக் கிடைக்கும் உதவி எதுவும் நிற்காது என்று முதல் நாளே அவர்களிடம் சொல்ல வேண்டும். கடைசி வாக்கியம் முக்கியம். அதைச் சொல்லாமல் வாங்கும் சம்மதம் சம்மதம் ஆகாது. கருத்தரங்கில் ஒரு மாணவர் தான் பார்த்த குடும்பத்தைப் பற்றிப் பேசியபோது திரையில் அந்த வீட்டுக் குழந்தையின் முகம் பெரிதாக வந்தது. பெயரை மட்டும் மாற்றியிருந்தார். அரங்கில் அத்தனை பேர் இருந்தும் எவரும் நிறுத்தச் சொல்லவில்லை. என்னாலும் உடனே எழ முடியவில்லை, இடைவேளையில்தான் போய்ச் சொன்னேன். குழந்தையின் அந்தரங்கத்தில் தன்னிச்சையாகத் தலையிடக் கூடாது என்று 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 16ஆம் பிரிவில் சொல்கிறது. அதை உங்கள் வகுப்பில் பாடமாக நடத்துகிறீர்கள். அதே வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் வீட்டுச் சந்திப்புப் படங்கள் வருகின்றன. வந்ததற்கு ஆதாரமாகப் படம் அனுப்பச் சொல்வதும் துறைதான். தயவுசெய்து அதை இந்தப் பருவத்தோடு நிறுத்துங்கள்.

விடைபெறுவதையும் நீங்கள் யாரும் கற்றுத்தருவதில்லை. ஒரு மாணவி ஏழு வயதுக் குழந்தையோடு வாரா வாரம் வியாழக்கிழமை பேசி விளையாடிக்கொண்டிருந்தாள். தாய் மருத்துவமனையில், குழந்தை சித்தி வீட்டில். பருவத் தேர்வு முன்கூட்டியே வந்தது. மணிக்கணக்கு முடிந்துவிட்டது என்று கல்லூரியிலிருந்து தகவல் வந்ததும் அவள் நின்றுவிட்டாள். குழந்தையிடம் சொல்ல வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் அந்த வாரம் அந்த நினைவே இல்லை. அடுத்த இரண்டு வியாழனும் அந்தக் குழந்தை பள்ளியிலிருந்து வந்து சீருடையைக்கூட மாற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்ததாகச் சித்தி வந்து சொன்னார். மூன்றாவது வியாழன் நான் போனேன். “வியாழக்கிழமை அக்காவும் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்களா?” என்று கேட்டது. ஏற்கெனவே ஒருவர் போய்த் திரும்பாத வீடு அது. நாங்கள் இன்னொருவரையும் கொண்டுபோய்க் காட்டி எடுத்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகு எங்கள் மையத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். கடைசிச் சந்திப்புக்கு மூன்று வாரம் முன்பிருந்தே மாணவர் ஒவ்வொரு முறையும் இன்னும் எத்தனை முறை வருவேன் என்று சொல்லிவிட வேண்டும். சிறு குழந்தை என்றால் நாள்காட்டியில் குழந்தையின் கையாலேயே குறித்துக்கொடுக்க வேண்டும். கடைசி முறை நானோ என் சக ஊழியரோ கூடப் போய், அடுத்து யார் வருவார்கள் என்று முகம் காட்டிவிட்டு வர வேண்டும். இதற்கு உங்கள் பக்கம் வேண்டியது ஒன்றே ஒன்று: முடிவு தேதியைப் பாதியில் மாற்றாதீர்கள்.

ஆசிரியர் பற்றாக்குறை என்பீர்கள். ஒரு ஆசிரியருக்கு முப்பது மாணவர், அதற்கு மேல் வகுப்பு, தேர்வுத்தாள் திருத்தம், இதில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் எப்படி என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியும். முப்பது பேரைத் தனித்தனியாக ஒருவர் பார்க்க முடியாது. அப்படியானால் முப்பது பேரை ஒருவரிடம் விடாதீர்கள். ஆறு பேருக்கு மேல் போனால் நான் ஒவ்வொருவர் வீட்டையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாமல் குழம்புகிறேன். அது என் அனுபவம். நிறுவனங்களில் பத்து ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டுப் பருவத்துக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுங்கள், மேற்பார்வையாளர் என்று முறைப்படி அங்கீகரியுங்கள், மதிப்பெண்ணில் அவர்களுக்கும் பங்கு கொடுங்கள். இப்போது எங்களிடம் கையெழுத்து வாங்குகிறீர்கள், கருத்துக் கேட்பதில்லை. தனியாக உட்கார முடியாத வாரத்தில் நான்கு பேரைச் சேர்த்து உட்காரவையுங்கள். ஒருவர் கொண்டுவந்ததை மற்ற மூவரும் கேட்கட்டும். ஆனால் எல்லா வாரத்தையும் அப்படி ஓட்டிவிட வேண்டாம். நான்கு பேர் முன்னால் சொல்ல முடியாதது ஒன்று எப்போதும் இருக்கும்.

வைவாவில் ரெக்கார்டின் தடிமனைப் பார்ப்பதையும் விட்டுவிடுங்கள். ஒரே ஒரு சந்திப்பை எடுத்துக்கொண்டு, அதில் என்ன பார்த்தாய், என்ன தவறவிட்டாய், உன் மேற்பார்வையாளரிடம் பேசிய பிறகு எது மாறியது என்று கால் மணி நேரம் கேளுங்கள். மேற்பார்வை நடந்ததா இல்லையா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

அடுத்த பருவத்துக்கான கடிதங்களை இன்னும் சில வாரங்களில் தட்டச்சு செய்வீர்கள். வழக்கமான வாசகத்துக்குக் கீழே இரண்டு வரி சேர்த்து அனுப்புங்கள். வாரத்தில் எந்த நாள், எத்தனை மணிக்கு, எங்கள் பக்கமிருந்து யார், உங்கள் பக்கமிருந்து யார் இந்த மாணவரோடு உட்காரப்போகிறார்கள் என்று முதல் வரியில் இருக்கட்டும். ராத்திரியில் ஏதாவது என்றால் மாணவர் யாரைக் கூப்பிட வேண்டும் என்று இரண்டாவது வரியில் ஒரு பெயரும் எண்ணும் இருக்கட்டும். எங்கள் பக்கத்துப் பெயரை நான் இப்போதே தருகிறேன். செவ்வாயும் வெள்ளியும் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் எங்கள் பின்னறை காலியாக இருக்கும்படி பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு நாற்காலி போட்டிருக்கிறது.

அன்புடன்,
உங்கள் மாணவர்களின் அறிக்கைகளில் கையெழுத்திடும் ஒரு மேற்பார்வையாளர்